சிவப்புத் தரையில் சிவப்பு எண்ணெய்

ஷெட் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

பொங்கலுக்கு ஊருக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டையும் காரையும் திறந்தவர்களின் கடிதங்கள் இப்போதுதான் வந்து சேர்கின்றன. இந்த முறை பாதிக் கடிதம் ஒரே விஷயம்: கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. அதனால் டயர், ஏசி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். காத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கானாடுகாத்தானில் அய்யா காலத்து வீடு. ஊருக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று 2012 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் நிற்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார். இந்தப் பொங்கலுக்கு வந்து ஷெட்டுக்குள் கால் வைத்ததும் வழுக்கிவிட்டது. சிவப்புச் சிமெண்ட் தரை, அதன்மேல் சிவப்பு ஆயில். கொட்டிக் கிடப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. அதே வண்டியில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, மதுரை என்று பத்து நாள் சுற்றினோம், ஒரு சொட்டு விழவில்லை. பூட்டிவிட்டு வந்தோம். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒழுகியிருக்கிறது என்று போன். ஓடும்போது ஒழுகாத ஆயில் நிற்கும்போது ஒழுகுமா அண்ணே?

— வாசகர், சென்னை

பதில்: ஒழுகும். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இந்த வியாதி அதிகம், ஏனென்றால் நம் பக்கத்தில்தான் வருடத்தில் பதினோரு மாதம் தூங்கும் கார்கள் அதிகம்.

உங்கள் வண்டியில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. மூடி போட்டுப் பற்றவைத்த உருளி மாதிரி இருக்கும். என்ஜின் ஓடும்போது உள்ளே இருக்கும் பம்ப் அதை ஆயிலால் நிரப்பியே வைத்திருக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் அந்த ஆயில் மெல்ல மெல்லக் கீழே பான் எனும் அடித்தட்டுக்கு இறங்கிவிடும். அப்போது பானில் மட்டம் ஏறும். ஓடும்போது ஆயில் எட்டாத உயரத்தில் இருக்கும் சீல், ஓ-ரிங் என்னும் ரப்பர் அடைப்புகள் எல்லாம் அப்போது ஆயிலுக்குள் முழுகிப் போகும். அதில் ஒன்று காய்ந்து கெட்டியாகியிருந்தால் அங்கே கசியும். நீங்கள் வந்து ஸ்டார்ட் செய்ததும் பம்ப் ஆயிலை மேலே இழுத்துக்கொள்ளும், மட்டம் இறங்கும், ஒழுகலும் நின்றுவிடும். நோயாளி டாக்டரைப் பார்த்ததும் நன்றாக இருப்பது போலத்தான்.

ஆகவே உங்கள் விஷயத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று. கியர் லீவரின் கேபிள் வந்து சேரும் இடத்தில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் சீல். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் இறங்கும் குழாயின் அடியில் இருக்கும் ஓ-ரிங், அதாவது உங்கள் மாடலில் டிப்ஸ்டிக் இருந்தால். ஒயரிங் கனெக்டர் உள்ளே நுழையும் இடத்து ரப்பர். இதற்கு நேர் எதிராக, என்ஜின் ஓடும்போது மட்டும் ஒழுகி, நின்றால் அடங்கிப் போனால் ஆயிலைக் குளிர வைக்கும் கூலருக்குப் போகும் பைப்பையும் அதன் கிளிப்பையும் பார்க்கச் சொல்வேன். ஆயில் அழுத்தத்தோடு ஓடுகிற இடம் அது. எப்போது ஒழுகுகிறது என்பதைச் சரியாகக் கவனித்து எழுதிவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. நிறையப் பேர் "ஒழுகுது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி இடத்தைக் கண்டுபிடிப்பது. ஐப்பசி மழையில் உங்கள் வளவில் ஓடு ஒழுகியிருக்குமே, நினைத்துப் பாருங்கள். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றினால் நிற்காது. தண்ணீர் எங்கோ மேலே ஒரு உடைந்த ஓட்டில் நுழைந்து, கைமரத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, தோதான ஒரு முனையில் சொட்டும். விவரம் தெரிந்த கொத்தனார் சொட்டைப் பார்க்கமாட்டார், ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று மேலே பார்ப்பார். கியர்பாக்ஸும் அப்படித்தான். ஆயில், கியர்பாக்ஸின் வெளிக்கூடான கேஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கடைசியில் பான் போல்ட்டிலோ ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டிலோ வந்து தொங்கும். பார்ப்பவர்கள் "டிரெயின் போல்ட் லீக்" என்று அதை இன்னும் இறுக்குவார்கள். போல்ட் இறங்கும் கேஸ் பெரும்பாலும் அலுமினியம். மரை போய்விட்டால் அதற்கு வேறு செலவு.

அதனால் முதல் வேலை கழுவுவது. வண்டியைப் பிட்டில் ஏற்றி, கியர்பாக்ஸ் முழுவதையும் டீசலும் பிரஷும் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு, காற்றடித்துக் காய வைக்க வேண்டும். கனெக்டர்களுக்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம், அவற்றை பாலித்தீன் சுற்றி மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு வருடத்து மண்ணும் ஆயிலும் சேர்ந்த அப்பத்தில் புதிதாக வந்த ஒரு சொட்டைத் தேடுவது வீண் வேலை. காய்ந்ததும் சந்தேக இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிடுங்கள். விலை குறைந்த டால்கம் பவுடர் போதும். பிறகு வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி, அடியில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரியுங்கள். அட்டையில் நான்கு டயரும் நிற்கும் இடத்தை சாக்பீஸால் வரைந்து, முன்பக்கம் எது, பேட்டரி எந்தப் பக்கம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். முன்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரிக்கு அடியில்தான் கியர்பாக்ஸ் இருக்கும். முதல் நாள் மாலை, மறுநாள் காலை, மூன்றாம் நாள் காலை என்று பார்த்து, பவுடர் முதலில் எங்கே சிவந்து ஈரமாகிறதோ அந்த இடத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். நனைந்த இடங்களில் எது மேலே இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆள். ஓடிவந்த வண்டி என்றால் மேலே இருப்பதோடு முன்னே இருப்பதையும் பாருங்கள், காற்று ஆயிலைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே போகும்.

பவுடரிலும் பிடிபடாவிட்டால் யு.வி. (புற ஊதா) சாயம் இருக்கிறது. ஆயிலில் கொஞ்சம் ஊற்றி ஓட்டிவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்து யு.வி. டார்ச் அடித்தால் கசிவு பச்சை மஞ்சளாக மின்னும். என் ஷெட்டில் டார்ச் கெட்டுப்போன ஒரு நாள், தெருமுனை வட்டிக்கடையிலிருந்து கள்ள நோட்டு பார்க்கும் விளக்கை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். வேலை செய்தது. கடைக்காரர் மட்டும் ஒரு வாரம் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார்.

கடைசியாக அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் என்ஜினே சரியாகச் சூடாகாது, கியர்பாக்ஸ் ஆயில் கேட்கவே வேண்டாம். சைலன்சருக்குள் தண்ணீர் கோத்துக்கொள்வதும் பேட்டரி தீர்வதும்தான் மிச்சம். ஓட்டத் தெரிந்தவர் என்றால் பள்ளத்தூர் வழியாகக் கோட்டையூர் வரை போய்த் திரும்பட்டும். இருபது நிமிடமாவது ஓடினால் ஆயில் எல்லா சீலையும் நனைக்கும், ரப்பர் காயாது. இன்னொன்று: வழுவழுப்பான அந்தத் தரையில் வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் அடியில் போகவிடாதீர்கள். ஜாக்கி சறுக்கினால் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

கேள்வி: காரைக்குடி செக்காலையில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. என் ஆட்டோமேட்டிக் காரில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் சிவப்பாகச் சொட்டுகிறது. ஒரு ஷெட்டில் காட்டினேன். அடியில் குனிந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "முன் சீல் போயிருச்சு மேடம், கியர்பாக்ஸை இறக்கணும், 28,000 ஆகும்" என்றார்கள். நான் பெண் என்பதால் ஏமாற்றுகிறார்களா, இல்லை உண்மையா?

— வாசகி, காரைக்குடி

பதில்: ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு நிமிடத்தில் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன், எழுதிவிடுகிறேன்.

ஷெட் வைத்து மூன்றாவது வருடம். இதே அடையாளம்: என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்குக்கு அடியில் சிவப்புச் சொட்டு. பம்ப் சீல்தான் (உங்களிடம் சொன்ன முன் சீல் அதுவே), சந்தேகமே இல்லை என்று கியர்பாக்ஸை இறக்கினேன். நானும் பையனும் இரண்டு நாள். புது சீல் போட்டு, ஏற்றி, ஆயில் நிரப்பி, ஓட்டிப் பார்த்து, பெருமையாக நிறுத்திவைத்தேன். மறுநாள் காலை வண்டிக்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை, தரையை மட்டும் விரலால் காட்டினார். அதே இடம், அதே சொட்டு.

அன்றைக்குத்தான் கழுவினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. கழுவி, டார்ச் அடித்து, கண்ணாடி ஒன்றைக் குச்சியில் கட்டி மேலே நீட்டிப் பார்த்தால், டிப்ஸ்டிக் குழாய் கேஸுக்குள் இறங்கும் இடத்தில் நூல் பிடித்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு. அங்கிருந்து பெல் ஹவுசிங்கின் பின்புற விளிம்பைச் சுற்றி வந்து நடு அடியில் சொட்டியிருக்கிறது. குழாயைக் கழற்றி ஓ-ரிங்கை எடுத்தேன். கட்டைவிரல் நகம் அளவு வட்டம். ரப்பர் மாதிரி வளையவில்லை, கண்ணாடி வளையல் துண்டு மாதிரி விரலிலேயே ஒடிந்தது. அதன் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவரிடம் அந்த ஓ-ரிங்குக்கு மட்டும்தான் காசு வாங்கினேன். இரண்டு நாள் உழைப்பு என் படிப்புச் செலவு.

ஆகவே அந்த ஷெட்டிலேயே பொறுமையாகக் கேளுங்கள். முதலில், கழுவிப் பார்த்தீர்களா? அடுத்து, பெல் ஹவுசிங்கின் உள்ளே ஈரமா, வெளியே மட்டும் ஈரமா? அடிப்பக்கம் ஒரு சின்ன மூடியோ துளையோ இருக்கும், அதற்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம். பம்ப் சீல் போயிருந்தால் கன்வெர்ட்டர் சுற்றும்போது ஆயிலை வீசி, உள் சுவர் முழுக்க வட்டமாகத் தெறித்திருக்கும். உள்ளே காய்ந்து கிடந்து வெளியே மட்டும் நனைந்திருந்தால் கியர்பாக்ஸை இறக்க வேலையே இல்லை, மேலே தேட வேண்டும்.

அதோடு, அது கியர்பாக்ஸ் ஆயில்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே இடத்தில் என்ஜினின் பின் சீலும் ஒழுகும். என்ஜினுக்கு மேலே உள்ள கவர் கேஸ்கெட் போனாலும் ஆயில் பின்பக்கமாக வழிந்து அங்கேதான் வரும். சொட்டை வெள்ளைத் தாளில் பிடியுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பு, பழசானால் காப்பித்தூள் நிறம். ஓடிய என்ஜின் ஆயில் கறுப்பு. நிறத்தில் குழப்பம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். ஆயில் மிதக்கும். கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் தண்ணீரோடு கலந்துவிடும்.

உள்ளே வட்டமாகத் தெறித்திருப்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் இறக்கித்தான் ஆக வேண்டும், அவர்கள் சொன்னது சரி. இறக்கும்போது கன்வெர்ட்டரின் கழுத்து தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தின்மேல் புது சீல் போட்டால் சில மாதத்தில் இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

கேள்வி: டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறேன். டீசல் வண்டி, சாதாரண கைக்கியர். ஆட்டோமேட்டிக்கில்தான் சிவப்பு ஆயில் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். என் வண்டியிலும் சிவப்பாக ஒழுகுகிறதே?

— வாசகர், திருப்பத்தூர்

பதில்: தம்பி, அது பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வராத பழைய வண்டிகள் பலவற்றில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் அதே சிவப்பு ஆயிலைத்தான் (ஏ.டி.எஃப்.) ஸ்டீயரிங்குக்கும் ஊற்றுவார்கள். நான் எழுதியது அரைகுறை, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டீயரிங் டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறதா பாருங்கள். பிறகு என்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பட்டும், கோடியில் பிடித்து நிறுத்த வேண்டாம். நீங்கள் பம்பிலிருந்து வரும் அழுத்தப் பைப்பைப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் இரண்டு பக்கத்து ரப்பர் உறையையும் (பூட்) கையால் அமுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ரேக் சீல் போய்விட்டது. உறையைக் கிழித்துப் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: வலது முன்சக்கரத்தைச் சுற்றும் தண்டின் (ட்ரைவ் ஷாஃப்ட்) ரப்பர் பூட் கிழிந்து மாற்றினேன். ஒரு வாரத்தில் அதே பக்கம் கியர்பாக்ஸ் ஓரத்தில் ஈரம். பூட் மாற்றிய இடத்தில் "அது கிரீஸ்தான் சார், புதுசு, கொஞ்ச நாளில் நின்னுடும்" என்கிறார்கள்.

— வாசகர், தேவகோட்டை

பதில்: கிரீஸ் தானாக நிற்காது, ஆயிலும் நிற்காது. கிரீஸ் என்றால் கருப்பாக, மைபோல, சக்கரத்தின் உள்பக்கமும் அக்கம்பக்கமும் வட்டமாக வீசியிருக்கும். ஆயில் என்றால் ஷாஃப்ட் கேஸுக்குள் நுழையும் வாயிலிருந்து கீழ்நோக்கி ஒரே கோடாக இறங்கியிருக்கும். நீங்கள் "ஓரத்தில் ஈரம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது போலத் தெரிகிறது. ஷாஃப்ட்டை மறுபடி உள்ளே தள்ளும்போது அதன் பற்கள் சீலின் உதட்டில் உரசி ஒரு கீறல் விழுந்தாலே போதும். ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, சீல் உதட்டில் ஆயில் தடவி, நேராக உள்ளே விட வேண்டும். அவசரத்தில் அதன் எடை முழுவதையும் சீல் மேல் சாய்த்துவிடுவார்கள். சீல் மாற்ற வேண்டியதுதான், கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஷாஃப்ட்டை உருவும்போது அந்தத் துளை வழியே கியர்பாக்ஸ் ஆயிலும் கொஞ்சம் கொட்டும். திரும்ப நிரப்பினார்களா என்று கேளுங்கள். மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் பக்கவாட்டில் உள்ள நிரப்பும் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் அந்தத் துளையின் விளிம்பில் நிற்க வேண்டும், அநேக வண்டிகளில் அதுதான் அளவு. நிரப்புவது என்றால் வண்டிப் புத்தகத்தில் ஆயில் தரம் ஜி.எல்.4 என்று போட்டிருந்தால் அதையே வாங்குங்கள். கடையில் "ஜி.எல்.5 இன்னும் ஒசத்தி" என்பார்கள். எண் கூடினால் ஒசத்தி என்பது இதில் செல்லாது. அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சரக்கு, கியர்பாக்ஸில் உள்ள பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

கேள்வி: ஏ.எம்.டி. காரும் ஆட்டோமேட்டிக்தானே? அதில் சிவப்பு ஆயில் ஊற்றலாமா?

— வாசகர், புதுவயல்

பதில்: கூடாது. 2014ல் செலேரியோவோடு நம் நாட்டில் பரவ ஆரம்பித்த ஏ.எம்.டி., உள்ளே சாதாரண கைக்கியர்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே. கியர்பாக்ஸுக்கு மேனுவல் கியர் ஆயில். அந்தக் கருவி ஹைட்ராலிக் என்றால் அதற்குத் தனியாக ஒரு சின்ன டப்பாவும் தனி ஆயிலும் உண்டு. சில கம்பெனிகள் எலக்ட்ரிக் மோட்டார் வைக்கிறார்கள், அதில் அந்த டப்பாவே இருக்காது. ஒழுகினால் கியர்பாக்ஸா, டப்பாவா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சி.வி.டி. வண்டி வேறு ஜாதி, அதற்கு சி.வி.டி. ஆயில் மட்டுமே. உள்ளே உலோகப் பட்டையை இரண்டு புல்லிகள் இறுக்கிப் பிடித்துச் சுற்றும். சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் அந்தப் பிடி வழுக்கிப் பட்டை கீறிக்கொள்ளும்.

கேள்வி: திருச்சியிலிருந்து வரும்போது கார் இழுவை குறைந்தது. நிறுத்தி பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டப்பாவில் ரோஸ்மில்க் மாதிரி நுரை. வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன். இப்போது ரிவர்ஸ் விழவே மாட்டேன் என்கிறது.

— வாசகர், பள்ளத்தூர்

பதில்: வீடு வரை ஓட்டியதுதான் தப்பு. படிக்கும் மற்றவர்களாவது கவனியுங்கள்: ரோஸ்மில்க்கைப் பார்த்தால் சாவியை அணைத்துவிட்டு லாரியைக் கூப்பிடுங்கள்.

பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்கும் குழாய், ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே ஓடும். வெளியே கூலன்ட், உள்ளே ஆயில், நடுவே மெல்லிய உலோகச் சுவர். அந்தச் சுவர் அரித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் கலக்கும். தரையில் ஒரு சொட்டும் விழாது, அதுதான் இதில் மோசம். வெளியே ஒழுகும் ஆயிலாவது தரையைக் கறையாக்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றினால் அரிப்புக்கு வழி திறந்துவிட்ட மாதிரி. நம் பக்கம் செய்வது அதுதான், நானே பார்க்கிறேன்.

கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளில் காகிதம் போன்ற ஒரு பொருளைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் அது ஊறி உரிந்துவிடும். ரிவர்ஸ் விழவில்லை என்றால் அந்தக் கட்டம் வந்துவிட்டதோ என்று பயப்படுகிறேன். ரேடியேட்டர் மாற்றுவது முதல் வேலை. கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்காமல் "ஆயில் மாத்தினா சரியாகிடும்" என்று யாராவது சொன்னால் அவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: லீக் நிற்க பாட்டிலில் விற்கும் மருந்தை ஊற்றலாமா?

— வாசகர், கோட்டையூர்

பதில்: காய்ந்து சுருங்கிய சீலைக் கொஞ்சம் ஊற வைத்து விரியச் செய்யும் சரக்கு அதில் இருக்கும். விற்கப் போகும் வண்டிக்கு ஊற்றுவார்கள். வாங்கும் நீங்கள் பாவம். கிழிந்த சீல், விரிசல் விட்ட கேஸ், தளர்ந்த கிளிப் ஆகியவற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. நான் ஊற்றுவதில்லை. எம்சீல் வைத்து அடைப்பதற்கும் இதே பதில்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஷெட்டில் காட்டி ஆயிலை டாப்அப் செய்துகொண்டே ஓட்டலாமா? லீக் சின்னதுதான்.

— வாசகர், அரியக்குடி

பதில்: அளவு பார்க்கத் தெரிந்தால் கொஞ்ச நாள் ஓட்டலாம். பிரச்சினை அளவு பார்ப்பதில்தான். என்ஜின் ஆயில் மாதிரி அணைத்துவைத்துப் பார்ப்பது பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குக்குப் பொருந்தாது. ஓட்டிச் சூடாக்கி, தட்டையான இடத்தில் நிறுத்தி, என்ஜின் ஓட, லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு முறை நகர்த்திவிட்டு, பார்க்கில் போட்டுப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் சூடான என்ஜினை அணைத்த கையோடு பார்க்கச் சொல்வார்கள். உங்கள் புத்தகம் என்ன சொல்கிறதோ அது. டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியில் குறிப்பிட்ட சூட்டில் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும் நிலையைப் பார்த்து அளப்பார்கள். அது ஷெட் வேலை.

குச்சியைத் துடைக்க காட்டன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதன் ஒரு நூல் உள்ளே போய் வால்வில் சிக்கினால் கியர் மாறாது. பழைய வேட்டித் துணி, நூல் பிரியாதது, போதும். அளவுக்கு மேலே ஊற்றினாலும் ஆயில் நுரைத்து மேலே இருக்கும் காற்றுத் துளை வழியே கக்கும், அதைப் பார்த்து "இன்னொரு லீக்" என்று தேட ஆரம்பிப்பீர்கள். போன வருடம் ஒருவர் இதே பயத்தில் வந்தார். லீக்கே கிடையாது. யாரோ ஒரு லிட்டர் கூட ஊற்றியிருந்தார்கள், வடித்ததும் நின்றுவிட்டது.

சைலன்சர் பைப்பின் மேல் சொட்டும் லீக் என்றால் சின்னதோ பெரியதோ ஓட்டவே வேண்டாம். சூட்டில் தீப்பிடிக்கும்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயில் ஏன் சிவப்பு? என் பேரன் கேட்கிறான், எட்டாவது படிக்கிறான்.

— வாசகர், நாட்டரசன்கோட்டை

பதில்: நல்ல கேள்வி. ஆயிலுக்கு இயற்கையாக அந்த நிறம் கிடையாது, சாயம் போடுகிறார்கள். என்ஜின் ஆயிலோடு மாறிப் போகாமல் இருக்கவும், ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று தெரியவும்தான். எல்லாக் கம்பெனியும் சிவப்பு போடுவதில்லை, பச்சையும் நீலமும் உண்டு, அதனால் நிறத்தை மட்டும் நம்பி ஊற்றக்கூடாது என்றும் பேரனிடம் சொல்லுங்கள். அவனுக்கு இன்னொன்றும் பிடிக்கும்: 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த ஆயிலில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். கிளட்ச் தட்டுகள் வெட்டி இழுக்காமல் வழுவழுப்பாகப் பிடிக்க அது உதவியது. திமிங்கிலத்தைக் காப்பாற்றச் சட்டம் வந்த பிறகு வேறு சரக்கு தேட வேண்டியதாயிற்று.

கேள்வி: தம்பி, என் மருமகன் காரை முகப்பில் ஏற்றி நிறுத்தி ஆத்தங்குடிக் கல்லில் கறை பண்ணிவிட்டார். கார் எப்படியோ போகட்டும். கல்லுக்கு என்ன செய்ய? வேலைக்காரப் பெண் ஆசிட் போட்டுக் கழுவலாம் என்கிறாள்.

— ஆச்சி ஒருவர், ஆத்தங்குடி

பதில்: ஆச்சி, ஆசிட்டை உடனே ஒளித்து வையுங்கள். உங்கள் ஊர்க் கல்லின் மேல் முகம் சிமெண்ட். சூளையில் சுட்டது அல்ல, கண்ணாடித் தட்டின்மேல் வார்த்து எடுத்தது. ஆசிட் பட்டால் சிமெண்ட் வெந்து பூவும் போகும், பளபளப்பும் போகும்.

புதுக் கறை என்றால் தேய்க்காமல் தவிட்டைக் கொட்டி ஒரு ராத்திரி விடுங்கள், மேலே நிற்கும் ஆயிலை அது குடித்துக்கொள்ளும். கல்லுக்குள் இறங்கியதற்கு, சாக்பீஸ் தூளைப் பாத்திரம் விளக்கும் சோப்புத் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, கறைமேல் விரல் கனம் பூசி, பாலித்தீன் தாள் போட்டு மூடுங்கள். மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டு, மரக்கரண்டியால் சுரண்டிவிட்டுத் துடையுங்கள். ஒரு தடவையில் போகாது. மூன்று நான்கு தடவை செய்தால் மங்கும். முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். முதலில் ஓரத்தில் ஒரு கல்லில் செய்து, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகனிடம் முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். அதுவரை கார் தெருவில் நிற்கட்டும், அடியில் அட்டையோடு.